கோடு போட்டும் வண்டி நிற்கவில்லை என்றால் என்ன கேட்பது?

கேள்வி இதுதான். ஊருக்கு நடுவே நான்குவழிச் சாலை போகிறது. ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும், எதிர்ப்பக்கம் மார்க்கெட். மனு மேல் மனு கொடுத்து ஜீப்ரா கிராஸிங் வாங்கியாயிற்று. ஆனால் ஒரு வண்டியும் அங்கே நிற்பதில்லை. இப்போது நடை மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்கிறார்களாம். அதை ஒப்புக்கொள்ளலாமா, இல்லை வேறு ஏதாவது கேட்கலாமா?

மேம்பாலத்துக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சாலையின் நடுவில் பயமில்லாமல் நிற்க ஓர் இடம். அடுத்தது, கோட்டை நெருங்கும் வண்டியின் வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும் ஏற்பாடு. அப்புறம் வெளிச்சம். வெள்ளைக் கோடு இவை எல்லாவற்றுக்கும் மேலே பூசும் பூச்சுதான். உங்கள் ஊரில் பூச்சை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் இந்த வரிசை என்பதை விரிவாகச் சொல்கிறேன். நாளைக்கு அதிகாரியின் மேஜைக்கு முன்னால் உட்காரும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.

நான்குவழிச் சாலையில் ஒரு தடம் பொதுவாக 3.5 மீட்டர். போக இரண்டு, வர இரண்டு என்றால் 14 மீட்டர் தார். சிக்னலுக்கு நேரம் வைப்பவர்கள், மனிதர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் கடக்க 12 விநாடி. முழங்கால் வலியோடு காய்கறிப் பையைத் தூக்கி வரும் பாட்டியம்மா விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு 17 விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பெருக்கிப் பாருங்கள்: அவர் ஒரே மூச்சில் கடக்க வேண்டுமானால் இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு வண்டியே இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் அப்படி ஓர் இடைவெளி எந்த ஊர்ச் சாலையிலும் வராது.

நடுவில் நிற்க இடம் இருந்தால் கணக்கே மாறிவிடும். முதல் பாதி 7 மீட்டர், அதே பாட்டியம்மாவுக்கு 9 விநாடி, தேவைப்படும் இடைவெளி 150 மீட்டர். அதுவும் வலப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். நடுவில் நின்று, இடப்பக்கம் பார்த்து, அடுத்த பாதியைக் கடக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து காலியாக வேண்டும் என்று காத்திருப்பதற்கும், ஒவ்வொரு பக்கமாகக் காலியாவதைப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல நிமிடங்கள். காத்திருப்பு நீள நீளத்தான் மனிதர்கள் கையைக் காட்டிக்கொண்டு ஓடத் தொடங்குகிறார்கள்.

இதே கணக்கில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வண்டி 60-க்குப் பதில் 30-ல் வந்தால் 150 மீட்டர் 75 மீட்டராகிவிடும். எனவே வேகம் குறைந்தால் அடிபட்டவர் பிழைக்கும் வாய்ப்பு கூடுவது மட்டுமில்லை, கடப்பதற்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்களே கூடுகின்றன. நின்று கொடுக்கும் ஓட்டுநரும் அதிகமாவார். 30-ல் வருபவர் நிற்பது பெரிய விஷயமில்லை. 60-ல் வருபவர் நின்றால் பின்னால் வருபவன் இடிப்பான் என்று அவருக்கே பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட.

பிரிட்டனின் ஹைவே கோட் என்ற ஓட்டுநர் கையேட்டில் வண்டி நிற்க ஆகும் தூரத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. மணிக்கு 32 கிலோமீட்டரில் வரும் கார் 12 மீட்டரில் நிற்கும். 48-ல் 23 மீட்டர். 64-ல் 36 மீட்டர். இது நல்ல பிரேக், காய்ந்த சாலை, கவனமான ஓட்டுநர் என்று வைத்துப் போட்ட கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் மூன்று மடங்காகிறது. காரின் முன்பக்கத்தில் அடிபடும் நடப்பவர் இறக்கும் அபாயம் 50 கிலோமீட்டரிலிருந்து 65-க்குப் போகும்போது நாலரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறும் 15 கிலோமீட்டர் வித்தியாசம்; ஸ்பீடோமீட்டரில் முள் சற்றே சாய்வதைக் கவனிக்கக்கூட மாட்டோம்.

வெள்ளைக் கோட்டின் கதைக்கு வருவோம். 1934-ல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, நடப்பவர் கடக்கும் இடங்களில் கம்பம் நட்டு அதன் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தரையில் வரிசையாக உலோகக் குமிழ்கள் பதித்திருப்பார்கள். அது ஓட்டுநர் கண்ணில் சரியாகப் படவில்லை. அதனால் 1951-ல் கருப்பு வெள்ளைப் பட்டைகள் வந்தன. அங்கே அது வேலை செய்ததற்குப் பெயின்ட் மட்டும் காரணமில்லை. பட்டையில் கால் வைத்தவருக்கு வழிவிட வேண்டும் என்ற சட்டம், அதைக் கேட்க ஆள், சின்னச் சாலைகள் எல்லாம் கூடவே இருந்தன. கோட்டுக்கு முன்னும் பின்னும் வளைந்து வளைந்து போகும் இன்னொரு கோடு போட்டு, அந்தப் பகுதியில் வண்டி நிறுத்தவோ முன்னால் போகும் வண்டியை முந்தவோ கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள். நாம் அந்த ஏற்பாட்டிலிருந்து பட்டையை மட்டும் வாங்கி வந்தோம்.

அமெரிக்காவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 30 நகரங்களில் கோடு போட்ட 1,000 இடங்களையும் போடாத 1,000 இடங்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. இறுதி அறிக்கை 2005-ல் வந்தது. சிக்னலோ ஸ்டாப் பலகையோ இல்லாத இடங்கள் மட்டுமே அதில் உண்டு. இருதடச் சாலைகளில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பலதடச் சாலையில், நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல் ஓடி, நடுவில் உயர்த்திய மீடியனும் இல்லாவிட்டால், வேறு எதுவும் செய்யாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் விபத்து வீதம் கோடே இல்லாத இடங்களைவிட அதிகமாக இருந்தது. உங்கள் ஊரில் இருப்பது ஏறத்தாழ அதே அமைப்பு. அந்த ஆய்வின் முடிவைக் காட்டி "அப்படியானால் கோட்டை அழித்துவிடலாம்" என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆய்வு சொன்னது அதுவல்ல. இப்படிப்பட்ட சாலையில் கோட்டோடு நிறுத்தாதே, மேற்கொண்டு செய் என்பதுதான் அதன் பரிந்துரை.

ஏன் பலதடச் சாலையில் மட்டும் இப்படி? உங்கள் பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், கண்ணுக்கு முன்னால் நடக்கும். டவுன் பஸ் ஒன்று இடது தடத்தில் வந்து கோட்டுக்கு ஒட்டி நிற்கிறது. டிரைவர் நல்லவர், ஜன்னல் வழியே கையை ஆட்டி "போம்மா" என்கிறார். சீருடைப் பெண் பஸ்ஸின் மூக்கைச் சுற்றி நடக்கிறாள். பஸ்ஸின் உயரமும் நீளமும் அவளை முழுக்க மறைத்திருக்கிறது. வலது தடத்தில் வரும் பைக்காரருக்குத் தெரிவதெல்லாம் நின்றுவிட்ட ஒரு பஸ். ஆள் ஏற்றுகிறான் போல என்று நினைத்து முறுக்குகிறார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை. முதல் தடத்தில் ஒருவர் மரியாதையாக நிற்பதே இரண்டாவது தடத்தில் ஆபத்தை உண்டாக்குகிறது. கோடு இருப்பதால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நம்பிக்கை, எட்டிப் பார்க்காமல் அடி எடுத்து வைக்கிறாள்.

இதற்கு மருந்து மலிவானது. வண்டி நிற்க வேண்டிய ஸ்டாப் லைனைக் கோட்டுக்கு ஒட்டிப் போடாமல் பின்னால் தள்ளிப் போட வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட சாலைகளில் 20 முதல் 50 அடிக்கு முன்பே போடுகிறார்கள். முதல் வண்டி பின்னால் நின்றால் அடுத்த தடத்துக்குப் பார்வை திறக்கும். அதைவிட முக்கியம் பஸ் ஸ்டாப். கிராஸிங்கைத் தாண்டிய பிறகு பஸ் நிற்கும்படி ஸ்டாப்பை முன்னே தள்ளினால், இறங்கியவர்கள் பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் கடப்பார்கள். பின்னால் வரும் வண்டிக்கு அவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். நிழற்குடை யாருடைய நிதியில் கட்டியது, யார் பெயர் எழுதியிருக்கிறது என்ற சிக்கல் வரும். வரட்டும், கேளுங்கள். கிராஸிங்குக்கு முன்னால் இருக்கும் ஷேர் ஆட்டோ நிறுத்தமும், இளநீர் வண்டியும், கடை வாசலில் சரக்கு இறக்கும் டெம்போவும் இதே வேலையைத்தான் செய்கின்றன, பார்வையை மறைக்கின்றன. கோட்டுக்கு முந்தின 15 மீட்டரையாவது காலியாக வையுங்கள்.

நடுவில் நிற்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் பணத்துக்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம் என்பது என் கருத்து. நம் ஊர்களில் சென்டர் மீடியன் என்று இருப்பது பெரும்பாலும் அரை மீட்டர் அகலச் சுவர். அதில் ஆள் நிற்க முடியாது, ஒட்டிக்கொண்டு நிற்கலாம். பின்னால் லாரி போகும்போது புடவை முந்தானை இழுபடும். நிற்க வேண்டுமானால் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவரும், குழந்தையைக் கையில் பிடித்தவரும், சக்கர நாற்காலியும் உள்ளே அடங்க வேண்டும்.

"அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?" என்று பொறியாளர் கேட்பார். தடத்தில் இருக்கிறது. கிராஸிங் வரும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடத்தையும் 3.5-லிருந்து 3 மீட்டராகக் குறைத்தால், நான்கு தடத்தில் மிச்சம் 2 மீட்டர். பஸ்ஸின் அகலமே 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் விதி. 3 மீட்டரில் அது மெதுவாகப் போகும், போகட்டும். தடம் குறுகினால் ஓட்டுநர் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பும். ஒரே வேலையில் இரண்டு பலன். நடுத்திட்டு அமைத்த இடங்களில் நடப்பவர் விபத்து 56 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. தடம் பார்த்து ஓட்டும் ஊரின் எண் அது. நமக்கு அப்படியே வரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் திசை அதுதான்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மீடியனில் இடைவெளி விட்டால் முதலில் அதைப் பயன்படுத்துவது டூ வீலர். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யூ டர்னுக்கு யார் போவார்கள்? கம்பம் நட்டு அடைத்தால் சக்கர நாற்காலியும் போக முடியாது. இதற்கு நல்ல வழி, இடைவெளியை நேராக வைக்காமல் மடித்து வைப்பது. இந்தப் பக்கத்திலிருந்து நடுத்திட்டுக்குள் வந்தவர் இடதுபுறம் திரும்பி, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே சில மீட்டர் நடந்து, அப்புறம் அடுத்த பாதியைக் கடக்கும்படி அமைப்பார்கள். ஏன் இடதுபுறம் என்றால், நம் நாட்டில் இரண்டாவது பாதியில் வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்கம் நடப்பவர் வரும் வண்டியை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நடப்பார். மாற்றி வலதுபுறம் மடித்தால் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டிவரும். வரைபடத்தில் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். இந்த மடிப்பில் பைக்கைத் திருப்புவது எரிச்சலான வேலை, முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள்.

எங்கே திறப்பது என்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். மீடியன் கம்பியைப் போய்ப் பாருங்கள். எங்கே இரண்டு கம்பி வளைந்து, கீழே சிமென்ட் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதோ, அங்கேதான் ஊர் கடக்கிறது. அங்கிருந்து 80 மீட்டர் தள்ளி வளைவுக்கு வசதியாக இருக்கிறது என்று கோடு போட்டால், அந்தக் கோட்டில் நாய்கூடக் கடக்காது. வளைந்த கம்பியை வெல்டிங் வைப்பதும், மறுபடி அது வளைவதும் என்று வருஷக்கணக்காக ஓடும் இடங்கள் எத்தனையோ உண்டு.

வேகத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்பது, சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை பொதுவாகக் கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலை. இருப்பதையே எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பைபாஸ் வந்துவிட்ட பல ஊர்களில், ஊருக்குள் போகும் பழைய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ கைமாறியிருக்கும். பெயர்ப் பலகை மட்டும் பழையபடி இருக்கும். உங்கள் சாலையும் அப்படி என்றால் நீங்கள் கேட்க வேண்டியது கிராஸிங்கையே மேடாக்குவது. நடைபாதை உயரத்துக்கு, 10 முதல் 15 சென்டிமீட்டர், தட்டையான மேஜை போல எழுப்பி, இரு பக்கமும் சாய்வு கொடுத்து, மேலே பட்டை போடுவார்கள். வண்டி மேடேறி இறங்க வேண்டும் என்பதால் போலீஸ் இல்லாத நேரத்திலும், இரவு இரண்டு மணிக்கும் வேகம் குறையும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களில் ஆளுக்கு ஆள் போட்டுவைக்கும், முதுகெலும்பைப் பதம் பார்க்கும் குட்டி வேகத்தடையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதன் மேல்தளம் ஒரு காரின் நீளத்துக்காவது இருக்க வேண்டும், சாய்வு சீராக இருக்க வேண்டும், மழைநீர் போகக் குழாய் வைக்க வேண்டும். குழாயை மறந்தால் முதல் மழையிலேயே கிராஸிங் குளமாகிவிடும். அதைச் சாக்காக வைத்து ஜேசிபி வந்து மேட்டை வழித்துப் போட்டுவிடும்.

இன்னும் தேசிய நெடுஞ்சாலையாகவே இருந்தால் மேடு கிடைப்பது கடினம். அங்கே தடத்தைக் குறுக்குவது, வேகக் கேமரா, சிக்னல் ஆகியவற்றைக் கேளுங்கள். சாலைக்குக் குறுக்கே தடதடவென்று ஒலிக்கும் ரம்பிள் ஸ்ட்ரிப்பைப் போட்டுவிட்டு வேகத்தைக் குறைத்துவிட்டோம் என்பார்கள். அது தூங்குபவரை எழுப்பும், வேகத்தில் போவதற்குப் பழகியவரை ஒன்றும் செய்யாது.

சிக்னலுக்கு நம் நாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐஆர்சி 103 என்ற வழிகாட்டி நடப்பவர் வசதிகளுக்கானது. அதன் பழைய 1988 பதிப்பிலிருந்து வழக்கில் உள்ள சூத்திரம் இது: உச்ச நேரத்தில் ஒரு மணிக்குக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மீடியன் இல்லாத சாலையில் 10 கோடியையும், மீடியன் உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் கட்டுப்படுத்தப்பட்ட கிராஸிங் தேவை. மணிக்கு 1,000 வண்டி, 200 ஆள் என்றால் பெருக்கி வருவது சரியாக 20 கோடி. பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும் எதிரெதிரே இருக்கும் நான்குவழிச் சாலையில் இந்த எண்ணை எட்டுவது பெரிய காரியமில்லை. இளைஞர்கள் சிலர் சேர்ந்து காலையிலும் மாலையிலும் எண்ணி எழுதிக் கொடுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் மறுக்க முடியாது. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: பயத்தில் கடக்காமல் இருப்பவர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். பாதுகாப்பாக இருந்தால் நடந்து வந்திருக்கும் பிள்ளைகள் இன்று அப்பாவின் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். பள்ளியிடம் அந்தக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

சிக்னல் வந்தால் பொத்தானை அழுத்தினதும் பச்சை சீக்கிரம் வர வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் காக்க வைத்தால் ஆட்கள் சிவப்பிலேயே இறங்கிவிடுவார்கள். அப்புறம் யாரும் இல்லாத நேரத்தில் பச்சை வரும், வண்டிக்காரரும் மதிக்கமாட்டார். அமெரிக்காவின் டூசான் நகரத்தில் தொடங்கிய ஒரு வகைச் சிக்னல், பொத்தானை அழுத்தும்வரை இருட்டாகவே இருக்கும், அழுத்தினால் மட்டும் மஞ்சளாகி, சிவப்பாகி வண்டியை நிறுத்தும். அங்கே நடப்பவர் விபத்து 69 சதவீதம் குறைந்ததாக 2010-ல் வந்த ஆய்வு சொன்னது. பொத்தான் பழுதானால் சரி செய்ய ஆள் வைத்திருக்கும் ஊருக்கு அது நல்ல யோசனை. நம் ஊருக்கு, குறிப்பிட்ட நேர இடைவெளியில் தானாக வரும் பச்சையே நல்லது என்பேன்.

இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிராஸிங்குக்கு நேர் மேலே ஹைமாஸ் விளக்கு போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நேர் மேலிருந்து வரும் வெளிச்சம் தலைமுடியையும் தோளையும் காட்டும். ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய உடம்பின் பக்கம் நிழலில் கிடக்கும். விளக்குக் கம்பத்தைக் கோட்டுக்கு நேராக வைக்காமல், வண்டி வரும் திசையில் சில மீட்டர் முன்னதாக வைக்க வேண்டும். அப்போது வெளிச்சம் ஆளின் முகப்பக்கம் விழும், ஓட்டுநருக்கு ஆள் பளிச்சென்று தெரிவார். இரு திசைக்கும் தனித்தனிக் கம்பம். செலவு அதிகமில்லை, சாலையைத் தோண்ட வேண்டியதில்லை, ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

சரி, மேம்பாலம். சாலைக்கு மேல் 5.5 மீட்டர் காலி இடம் விட வேண்டும், அதற்கு மேல் பாலத்தின் தடிமன். ஆக ஏற வேண்டியது ஏறக்குறைய 6 மீட்டர். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி ஏறி, 40 படி இறங்க வேண்டும், 14 மீட்டர் சாலையைக் கடக்க. பிரிட்டனில் 1960-களில் செய்த ஆய்வு ஒன்று, மேலே போகவும் கீழே கடக்கவும் ஒரே நேரம் ஆனால் 70 சதவீதம் பேர் பாலத்தைப் பயன்படுத்துவார்கள், பாலத்தில் போக ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் கிட்டத்தட்ட ஒருவரும் ஏறமாட்டார்கள் என்று கண்டது. பாட்டியம்மாவைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. லிஃப்ட் வைப்பார்கள்; திறப்பு விழா அன்று ஓடும். பாலம் வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம்: கீழே மீடியனை உயர்த்தி அடைத்துவிடுவார்கள், வண்டி வேகம் கூடும், ஏற முடியாதவர் மட்டும் அந்த வேகத்துக்கு நடுவே சுவர் ஏறிக் குதிப்பார். விபத்து நடந்தால் "பாலம் இருந்ததே" என்பார்கள்.

பாலமே கூடாது என்றும் சொல்லமாட்டேன். ரயில் தண்டவாளத்தைக் கடக்க, ஊருக்கு வெளியே எட்டுவழி விரைவுச் சாலையைக் கடக்க அது வேண்டும். சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் மக்கள் நடக்கிறார்கள், ஏனென்றால் ரயில் நிலையத்தின் மேம்பாலத்திலிருந்து அதே உயரத்தில் நேராக அங்கே போய்விடலாம், கீழே கூட்ட நெரிசலில் அதைவிட நேரமாகும். உங்கள் ஊரில் தரையிலிருந்து ஏறித் தரையில் இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஒரு பாலத்துக்கு ஆகும் பணத்தில் நடுத்திட்டு, மேடு, விளக்கு எல்லாம் வைத்த கிராஸிங்குகள் பல செய்யலாம். அதை மட்டும் அதிகாரியிடம் மதிப்பீடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மனு யாருக்கு? மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை, போலீஸ், போக்குவரத்துத் துறை எல்லாம் அதில் உட்காருவார்கள். துறை துறையாக அலைவதைவிட அங்கே விவாதப் பொருளாக வைக்கச் சொல்வது மேல். மனுவில் "விபத்து அதிகம், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் கோட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 2 மீட்டர் நடுத்திட்டு, மேடான கிராஸிங், பின்தள்ளிய ஸ்டாப் லைன், இடம் மாற்றிய பஸ் ஸ்டாப், இரு விளக்குக் கம்பங்கள். அந்த இடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த விபத்துகளின் முதல் தகவல் அறிக்கை விவரங்களைக் காவல் நிலையத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இணையுங்கள். காயத்தோடு தப்பிய விபத்துகளும் கணக்கில் வர வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, சிக்னல் இல்லாத கிராஸிங்கில் ஆள் கடந்தால் ஓட்டுநர் வேகம் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலை அமைத்து அதனால் உயிரோ உறுப்போ போனால், அதை அமைத்த அதிகாரியும் ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும் வேகமே வேறு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்பது மத்திய அரசின் சொந்தக் கணக்கு. இவற்றை மனுவின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

நிரந்தர வேலைக்கு டெண்டர், மதிப்பீடு என்று ஆறு மாதம் ஓடும் என்பார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளையும் ரப்பர் கூம்புகளையும் வைத்து நடுத்திட்டின் வடிவத்தையும் தடக் குறுக்கலையும் தற்காலிகமாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். போலீஸிடம் பேரிகேட் உண்டு, ஒரே நாளில் வைத்துவிடலாம். பஸ் திரும்புகிறதா, ஆம்புலன்ஸ் போகிறதா, மடிப்பின் நீளம் போதுமா என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தவறாக இருந்தால் தடுப்பை நகர்த்தினால் போதும், கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்துக்கு முன்னும் பின்னும் வண்டியின் வேகத்தை அளந்து வைக்கச் சொல்லுங்கள். போலீஸிடம் இருக்கும் வேகத் துப்பாக்கி போதும்.

டெண்டர் வரும்போது கோடு சூட்டில் உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக்கில், இரவில் பளிச்சென்று தெரியக் கண்ணாடி மணிகள் தூவிப் போட வேண்டும் என்பதும், எந்தெந்த மாதம் மறுபடி போடுவது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பெயின்ட் என்றால் அடுத்த ஐப்பசி மழைக்குள் தேய்ந்து, பள்ளி திறக்கும் ஜூனில் பட்டையே தெரியாது.